குளத்தில் விட்ட கெளுத்தி

கனிஷ்கா அந்தக் கேமராவைக் குளத்துக்குள் இறக்கிய நாளிலிருந்தே எனக்கு அவள்மேல் ஒரு சந்தேகக் கண். திருச்சியில் காலேஜில் ஆராய்ச்சி செய்கிற பெண். தண்ணீருக்குள்ளேயே படம் பிடிக்குமாம், படத்தைப் பார்த்து இது கட்லா, இது ரோகு என்று கம்ப்யூட்டரே பெயர் சொல்லுமாம், எல்லாம் இலவசமாம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் வாலையும் சேர்த்துத் தூக்கிப் பார்க்கிறவள்.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் மகளிர் குழு குத்தகைக்கு எடுத்த குளம். நான்தான் குழுத் தலைவி. எங்களுக்கு முன்னால் அதைப் பல வருஷம் வைத்திருந்தவர் பெரியண்ணன். குத்தகை எங்கள் கைக்கு வந்தபோது, "பொம்பளைங்க மீன் குழம்பு வைப்பாங்க, மீன் வளர்ப்பாங்களா?" என்று டீக்கடையில் பேசியவர். பேசியதை மறக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

கனிஷ்கா வாரத்துக்கு இரண்டு முறை வந்து லேப்டாப்பைத் திறந்து காட்டுவாள். பச்சைத் தண்ணீரில் மீன்கள் மங்கலாகப் போகும். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கட்டம், கட்டத்தின் மேல் பெயர்.

"ஆயிரக்கணக்கான படத்தைக் காட்டி, இது இந்த மீனுன்னு சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கோம்க்கா. இப்ப புதுப் படத்தைக் குடுத்தா அதுவே கண்டுபிடிச்சிடும்."

"தப்பாக் கண்டுபிடிச்சா?"

"தப்பும் பண்ணும்க்கா."

ஒருநாள் படித்துறைப் பக்கத்துப் படத்தில் சிவப்பாக ஒரு கட்டம் விழுந்தது. ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்க்கக் கூடாதென்று அரசாங்கம் தடை செய்த மீன் அது. கூட இருக்கிற மீன்களையெல்லாம் தின்று தீர்த்துவிடும். நாங்கள் அதை வளர்க்கிறோம் என்று அதிகாரிகள் எழுதிவிட்டால் குத்தகை போச்சு. இத்தனை பெண்கள் வீட்டில் சண்டை போட்டு வெளியே வந்து நிற்பது அந்தக் குளத்தை நம்பித்தான்.

"உன் மெஷின் பொய் சொல்லுது. யார் சொல்லி இதை இங்க கொண்டாந்தே?" என்று அவளிடம் கத்தினேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நம்ம ஊர் தேளி மீனும் கலங்கல் தண்ணியில இதே மாதிரிதான்க்கா தெரியும். வலை போட்டுப் பார்த்துடலாம்."

வலை போட்டோம். தட்டைத் தலையும் நீள மீசையுமாக முழங்கை நீளத்தில் ஒன்று வந்து கரையில் துள்ளியது. தேளி இல்லை. மெஷின் சொன்னது சரிதான்.

அப்படியென்றால் யாரோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். யார் என்று யோசிக்க எனக்கு நேரம் ஆகவில்லை. நேராக டீக்கடைக்குப் போனேன்.

"குத்தகை போன வயித்தெரிச்சல்ல குளத்துல கெளுத்தியைக் கொண்டாந்து விட்டீங்களா?"

பெரியண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "நான் அந்தக் குளத்துல நீச்சல் பழகுனவன்மா. அதுல விஷத்தைப் போடுவேனா?"

"விஷம்னு நானா சொன்னேன்? உங்க வாயிலதானே வருது!"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் முகம் செத்துப்போயிற்று. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

கனிஷ்கா மீன்வளத் துறைக்குத் தகவல் சொல்லியே ஆகவேண்டும் என்றாள். திங்கட்கிழமை அதிகாரி வருவதாகப் பதில் வந்தது. அதற்குள் எனக்குச் சாட்சி வேண்டும். அந்த மீன் இருக்கிற படங்களை மட்டும் எடுத்துத் தரச் சொன்னேன். மெஷின் நொடியில் பொறுக்கிப் போட்டது. பாதிக்கு மேல் சனிக்கிழமைக் காலைப் படங்கள். எல்லாம் படித்துறை ஓரம்.

அதில் ஒரு படத்தில் தண்ணீருக்குள் ஒரு பிளாஸ்டிக் பை வாயைத் திறந்திருந்தது. மீன் பாதி வெளியே வந்திருந்தது. மீனைச் சுற்றிச் சிவப்புக் கட்டம். பையைப் பிடித்திருந்த கையைச் சுற்றி ஒன்றும் இல்லை. கையை அடையாளம் பார்க்க அதை யாரும் பழக்கவில்லை.

பெருவிரல் நகம் கறுத்துப் பிளந்திருந்தது. ஆட்டோவுக்கு ஜாக்கி வைக்கும்போது நசுங்கிய விரல். அதற்கு மஞ்சள் பற்றுப் போட்டவள் நான்.

"யாருன்னு தெரியுதாக்கா?"

"மூடி வை" என்றேன்.

வீட்டில் என் கணவர் ரெங்கராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை காலையில குளத்துக்கு எதுக்குங்க போறீங்க?"

சோற்றைப் பிசைந்த கை நின்றது. "உனக்கு ஆபரேஷன் ஆனப்ப ஜோசியர் சொன்னாரு. வாராவாரம் ஒரு உயிரைத் தண்ணியில விட்டா உன் ஆயுசு நீளும்னு. உன்கிட்ட சொன்னா திட்டுவே."

"விடுறதுக்கு வேற மீனே கிடைக்கலையா?"

"மார்க்கெட்ல மத்ததெல்லாம் ஐஸ்ல கிடக்கு. தொட்டியில உசுரோட துள்ளிட்டிருந்தது அது ஒண்ணுதான். கெளுத்தின்னுதான் குடுத்தான். செத்த மீனை விட்டு என்ன புண்ணியம்?"

"காவேரியில விட வேண்டியதுதானே?"

"நீ தினமும் போற இடம். உன் கண்ணு முன்னால உசுரோட இருக்கட்டும்னு நெனச்சேன்."

வாயில் வந்த திட்டெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. காவேரியில் விட்டிருந்தால் அதைவிடப் பெரிய கேடு என்பதுகூட அப்போது உறைக்கவில்லை.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். அந்தப் படத்தை நானே எடுத்துக் காட்டினேன். "இது என் வீட்டுக்காரர் கை" என்றேன். கரையில் பெரியண்ணனும் நின்றிருந்தார். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று ஆக்கி வைத்தவள் நான்.

"உங்களைச் சொன்னது தப்புங்க. எல்லார் முன்னாடியும் கேக்கறேன், மன்னிச்சுக்குங்க."

அவர் வீட்டுக்குப் போய்த் தன் பெரிய இழுவலையை எடுத்துக்கொண்டு வந்தார்.

தண்ணீரை இறைத்து ஒன்று விடாமல் பிடித்து அழிக்க வேண்டும், கேமராவில் இனி ஒன்றுகூடத் தெரியக் கூடாது, அப்படியானால் குத்தகை தொடரலாம் என்றார் அதிகாரி. மறுநாளே மோட்டார் வைத்து இறைத்தோம். பிடித்த கெளுத்தியையெல்லாம் குழி தோண்டிப் போட்டோம். மற்ற மீன் என்றால் இந்நேரம் செத்திருக்கும். இது தண்ணீர் இல்லாமலும் கிடந்து மூச்சு விட்டது.

ரெங்கராஜ் என் பக்கத்தில் வந்து நின்றார். "ஒண்ணே ஒண்ணை மட்டும் நம்ம வீட்டுத் தொட்டியில வச்சுக்கலாமா? அடுத்த வாரம் உனக்கு ஸ்கேன் இருக்கு."

எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை கிடையாது. இருந்தும் குழியைப் பார்த்தேன். எல்லாம் என் பெயரில் விட்ட உயிர்கள். வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. குழுப் பெண்கள் மண்வெட்டியுடன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேண்டாங்க" என்றேன் அவரிடம். அவர்களைப் பார்த்து, "மூடுங்க" என்றேன்.

மண் விழுந்த பிறகும் உள்ளே துள்ளுகிற சத்தம் கேட்டது.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றேன்.

"எனக்கும்தான்" என்றார் அவர்.