வாய்விட்டு எண்ணக் கூடாது

நான் பேண்டு வாத்தியக் குழுவுக்குக் கட்ட வேண்டிய பாக்கி நானூற்றுப் பத்து ரூபாய். தடவைக்குப் பத்து ரூபாய் அபராதம். அப்படியென்றால் நாற்பத்தொரு தடவை தப்புச் செய்திருக்கிறேன். எல்லாம் ஒரே தப்பு. வாசிக்கும்போது வாய்விட்டு எண்ணியது.

வேங்கிக்காலில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் ஊர் பேண்டில் இருபத்தாறு பேர். போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்ற விருசபதாசன் மாஸ்டர் தொடங்கியது. யாரும் சேரலாம், சம்பளம் கிடையாது. பெரிய டிரம்மை மாடிக்கு ஏற்ற ஆள் தேடினார்கள். நெல் மண்டியில் மூட்டை தூக்குகிற நான் போய் ஏற்றிக் கொடுத்தேன். திரும்ப இறக்கவும் நானே இருக்க வேண்டியிருந்தது. நடுவில் சும்மா இருப்பானேன் என்று அடிக்கவும் கற்றுக்கொண்டேன்.

ஹால் சுவரில் விதிகள் ஒட்டியிருக்கும். நேரத்துக்கு வரவும். மாஸ்டர் கையைத் தூக்கினால் பேச்சை நிறுத்தவும். பக்கத்தில் இருப்பவர் தப்பாக வாசித்தால் திரும்பிப் பார்க்கக் கூடாது. உங்கள் முறை வரும்வரை மனசுக்குள் எண்ணவும். இந்தக் கடைசி விதிதான் எனக்கு எமன்.

டிரம்காரனுக்குக் காத்திருப்பதுதான் பாதி வேலை. நாலு தட்டு ஒரு பார். ஒரு பாட்டில் இருபத்துநாலு பார் சும்மா நின்று, அது முடிந்ததும் ஓங்கி அடிக்க வேண்டும். எனக்கு மண்டிக் கணக்குதான் வரும். அங்கே முதல் மூட்டையை ஒன்று என்று சொல்ல மாட்டோம், லாபம் என்போம். லாபம், ரெண்டு, மூணு. வாயை மூடினால் எனக்கு எண்ணிக்கையும் நின்றுவிடும்.

"யோவ் காசி, லோடு எறங்கிடுச்சா?" என்பார் எனக்கு முன்னால் உட்கார்ந்து டிராம்போன் ஊதும் டெய்லர் பாசில். "வினோதினி கிளாரிநெட்ல அழ வெக்குது. நீ பின்னாடி நின்னுகினு லாபம் நஷ்டம்ன்ற."

"நஷ்டம்னு நான் சொல்லவே இல்லயே."

"அத நாங்க பாத்துக்கறோம்."

சிரிப்பு அடங்குவதற்குள் செயலாளர் பர்சானா நோட்டில் எழுதிவிடுவார். "காசி அண்ணா, இன்னொரு பத்து."

ஊர் வியாபாரிகள் சங்க விழாவில் வாசிக்க எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். முந்தின ஞாயிறு மாஸ்டர் என்னைத் தனியாக அழைத்தார். "காசி, உன் அடி சுத்தம். ஒரு தடவகூட எடம் மாறி விழுந்ததில்ல. ஆனா மேடையில உன் வாய் கேட்டுச்சுன்னா உன் டிரம் ஜால்ரா போடற அருணகிரிக்குப் போயிடும். பாக்கியும் அன்னிக்கே கட்டிடணும்."

"சரிங்க மாஸ்டர்."

ஆறு நாள் என் முதுகு யாருக்கோ. ஞாயிறு ஒன்றுதான் எனக்கும் அந்த டிரம்முக்கும். அந்த வாரம் முழுக்க மண்டியில் வாயைத் திறக்காமல் எண்ணிப் பழகினேன். "வூட்ல சண்டையா?" என்று மேஸ்திரி கேட்டான்.

விழாவில் முந்நூறு நாற்காலியும் நிறைந்திருந்தது. மூன்றாவது பாட்டில் அந்த இருபத்துநாலு பாருக்கு எல்லோரும் நிறுத்த, வினோதினி மட்டும் தனியாக வாசித்தாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணினேன். நாலாவது பாரில் கரண்ட் போயிற்று.

அவள் நிறுத்தவில்லை, அவளுக்கு மனப்பாடம். எங்களுக்கு மாஸ்டரின் கைதான் கணக்கு. கூட்டத்தில் நாலைந்து செல்போன் விளக்குகள் எரிந்தன. அந்த வெளிச்சம் எங்கள் கண்ணில் அடித்ததே தவிர, மாஸ்டர் வெறும் நிழலாக நின்றார். எட்டு. ஒன்பது. தாளம் போட்ட கால்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் ஓடின. பாசில் ஊதப் போகிறவர் போல மூச்சை இழுத்தார். இன்னும் பதினைந்து பார் இருந்தது.

விட்டால் ஆளுக்கொரு இடத்தில் நுழைந்து அந்தப் பெண்ணின் பாட்டை மிதித்துவிடுவார்கள். சொன்னால் டிரம் போய்விடும். போகட்டும்.

"பத்து," என்றேன்.

பாசிலின் மூச்சு இறங்கியது.

"பதினொண்ணு."

கால்கள் ஒன்று சேர்ந்தன. பதிமூன்றில் பர்சானாவின் குரல் கூட வந்தது. பதினாறில் டிராம்போன் வரிசை. இருபதில் மாஸ்டரே. எல்லாம் மூச்சோடு மூச்சாக, கிளாரிநெட்டுக்குக் கீழே. இருபத்துநாலு. அடித்தேன்.

இருபத்தாறு பேரும் ஒரே ஆளாக இறங்கினோம். என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. மீதிப் பாட்டை இருட்டிலேயே வாசித்து முடித்தோம். கைதட்டலும் விசிலும் அடங்க வெகுநேரம் ஆனது. கரண்ட் அதற்கப்புறம்தான் வந்தது, வெட்கப்பட்டுக்கொண்டு.

மேடைக்குப் பின்னால் பர்சானா நோட்டை எடுத்தார். "காசி அண்ணா, இன்னொரு பத்து. மொத்தம் நானூத்தி இருவது."

டிரம் வாரைத் தோளிலிருந்து கழற்றி அருணகிரியிடம் நீட்டினேன். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எம் பேரையும் எழுதும்மா," என்றார் பாசில். "பதினாறுலேர்ந்து நானும் எண்ணினேன்."

"எனக்கும் பத்து," என்றார் மாஸ்டர்.

பர்சானா சுற்றிப் பார்த்தார். "வாய்விட்டு எண்ணினவங்க கையத் தூக்குங்க."

எல்லாக் கையும் மேலே போயிற்று. வினோதினி மட்டும் தூக்கவில்லை. "என் வாயில கிளாரிநெட் இருந்திச்சிக்கா."

பர்சானா விரல் நீட்டி எண்ண ஆரம்பித்தார். "லாபம், ரெண்டு, மூணு..." அதற்கு மேல் சிரிப்பு விடவில்லை.

"அப்ப அந்த விதி?" என்று கேட்டேன்.

"அது இருக்கும். அடுத்த ஞாயித்துலேர்ந்து புதுக் கணக்கு," என்றார் மாஸ்டர். "டிரம்ம வண்டியில ஏத்துய்யா, நேரமாவுது."

சொல்லிக்கொண்டே பர்சானாவிடம் பேனாவை வாங்கி, நானூற்று இருபதின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.