கீழ்ச் சுரப்பி

மருத்துவக் கேமரா கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து பதினோரு நாள், நான்கு மணி நேரம். அதற்குள் ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் கம்பெனி கேமராவும். பேசத் தெரியாத இரண்டு பேர்.

மேஜையில் மயக்கத்தில் இருந்தவர் இருசம்மாள். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தைப்பவர். காலையில் வார்டில் என் கையைப் பிடித்து, "கழுத்துல என்ன வேணா பண்ணுங்க கண்ணு. விரல் நல்லா இருக்கணும். தச்சாத்தான் சோறு," என்றார்.

தைராய்டை ஒட்டி அரிசி அளவில் நான்கு சுரப்பிகள் இருக்கும். கால்சியத்தைக் காப்பவை. அவை போனால் விரல்கள் மரத்து இழுத்துக்கொள்ளும். பழைய ஆபரேஷன் ஒன்றில் இவருக்கு இடப்பக்கத்து இரண்டும் போயிருந்தன. இன்று வலப்பக்கத் தைராய்டை வெட்டி எடுத்ததில், மேலே இருந்தது ரத்த ஓட்டமின்றிக் கறுத்துவிட்டது. மிச்சம் கீழே ஒன்று.

"இதோ இருக்கு, பத்திரமா," என்று டாக்டர் மாதவன் ஒரு வெளிர்மஞ்சள் மணியைக் காட்டினார். "சீக்கிரம் முடிங்கோ. இன்னிக்குத் தெப்பம். பாலத்துல நெரிசல் ஆறதுக்குள்ள ஸ்ரீரங்கம் போகலேன்னா ஆத்துக்காரி ஒரு வாரம் எங்கிட்ட பேச மாட்டா."

"இந்தப் பொண்ணும்தான் பேசல சார்," என்றார் நர்ஸ் செல்வமேரி. "வந்ததுலேர்ந்து தலையைத்தான் ஆட்டுது."

"கேமராவாவது பீப்னு சொல்றது. சரிம்மா, உன் வித்தையைக் காட்டு."

விளக்கை அணைத்தார்கள். அகச்சிவப்பு ஒளி பட்டால் இந்தச் சுரப்பி கேமராத் திரையில் தானாகவே மினுங்கும். கொழுப்பும் நெறிக்கட்டியும் மினுங்காது. சாயம் எதுவும் வேண்டாம்.

டாக்டர் காட்டிய மணி திரையில் இருட்டாகக் கிடந்தது.

ஆனால் அவர் திரையைப் பார்க்கவில்லை. தையல் நூல் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருஷ அனுபவம் அவருக்கு. எனக்குப் பதினோரு நாள்.

கழுத்துக்குள் அங்குலம் அங்குலமாகத் தேடினேன். ஒன்றுமில்லை. பிறகு, வெட்டி எடுத்த தைராய்டு இருந்த தட்டின் மேல் கேமராவைத் திருப்பினேன். அதன் ஓரத்தில் ஒரு புள்ளி மினுங்கியது.

தைராய்டை லேபுக்கு அனுப்ப செல்வமேரி ஃபார்மலின் பாட்டிலைத் திறந்தார். அதில் விழுந்தால் எந்தத் திசுவும் செத்துவிடும். அதற்கு முன் எடுத்தால், பொடியாக நறுக்கிக் கழுத்துத் தசையில் நட்டுப் பிழைக்க வைக்கலாம்.

இருட்டில் என் முகம் யாருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, போடாதீங்க!"

"அடியாத்தி, பேசிருச்சு," என்றார் செல்வமேரி.

"சார், நீங்க காட்டினது சுரப்பி இல்ல. அது இந்தத் தட்டுல இருக்கு."