பிரெண்டிஷ் காரின் நெற்றி

கோமளத்துக்கு வந்த கோபத்தில் மைதானத்து வெயில்கூட உறைக்கவில்லை. மல்லேஸ்வரம் வீட்டு ஷெட்டில் நின்ற, தாத்தா வாங்கிய 1912-ஆம் வருஷத்து பிரெண்டிஷ் டூரிங் கார் அது. அண்ணன் பிள்ளை ஸ்ரீஹர்ஷா, பழைய கார்களின் அணிவகுப்புக்காக அதைப் புதுப்பித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். ரேடியேட்டரின் நெற்றியில் வேறு கம்பெனியின் முத்திரை மின்னியது. உலகமே வாய் பிளக்கும் பெரிய கம்பெனி.

"என்னடா ஹர்ஷா இது? யார் பேரை யார் தலையில ஒட்டியிருக்கே?"

"பிரெண்டிஷ்னா யாருக்குமே தெரியாது அத்தை. ஜட்ஜஸ் திரும்பிக்கூடப் பாக்க மாட்டா. பழைய பேர் பிளேட்டும் எழுத்தெல்லாம் போய் மொட்டையா இருக்கு. சும்னே டென்ஷன் ஆகாதீங்கோ."

மொட்டையாக இருக்கிறதாம்! ஏன் இருக்காது? வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, பக்தியாலேயே எழுத்தை விழுங்கிய குடும்பம் ஆயிற்றே! அதில் கோமளத்தின் கையும் உண்டு.

பிரெண்டிஷ் கதையை அப்பா சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம். இங்கிலாந்தில் சைக்கிள் செய்துகொண்டிருந்த அண்ணன் தம்பி, கொஞ்ச காலம்தான் கார் செய்தார்கள். தொழில் நொடித்தபோது ஒரு பெரிய கம்பெனி வந்தது. வண்டியை நீங்களே செய்யுங்கள், பேர் மட்டும் எங்களுடையதாக இருக்கட்டும் என்றது. முடியாது என்றார்கள். பிறகு யுத்தம் வந்து தம்பியைக் கொண்டுபோனது. அண்ணன் பட்டறையை இழுத்து மூடினார், பேரை விற்கவில்லை. அவர்கள் விற்காததை இந்தப் பிள்ளையாண்டான் இனாமாகவே கொடுத்துவிட்டு இளித்துக்கொண்டு நிற்கிறான்!

அணிவகுப்புக்கு வரச் சொல்லி ஒலிபெருக்கியில் இவர்கள் வண்டியை அழைத்தார்கள். ஸ்ரீஹர்ஷா எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலைத் தேடினான். அது ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்த கோமளத்தின் மடியில் இருந்தது.

"கொடுங்கோ அத்தை, எல்லாரும் பாக்கறா."

"பாக்கட்டும். முதல்ல அதைப் பிச்சுப் போடு."

"வெறும் தகட்டோட போனா சிரிப்பா. என்ன காருன்னு கேட்டா?"

"வாய் இருக்கோல்லியோ? தேய்ச்சு அழிச்சது நாம. நாமதான் சொல்லணும்."

பின்னால் ஹாரன்கள் அலறின. ஸ்ரீஹர்ஷா வியர்த்து வழிய முத்திரையைப் பெயர்த்தான். அடியில் வெறும் பித்தளை. நடுவர் ஒருவர் குனிந்து பார்த்து, இது என்ன கார் என்று கன்னடத்தில் கேட்டார். "யாவ் காரு இது?"

அவன் அத்தையைப் பார்த்தான். அவள் ஹேண்டிலை விடவில்லை.

"பிரெண்டிஷ்," என்று முனகினான்.

"கேக்கலை," என்றாள் கோமளம்.

"பிரெண்டிஷ்!" மைதானமே திரும்பிப் பார்க்கக் கத்தினான்.

அப்போதுதான் ஹேண்டிலை அவன் கையில் கொடுத்தாள்.