ஆறு கிலோ வித்தியாசம்

தாஜ் முகம்மதுவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இருபத்தைந்து வருஷமாகக் கார்ச் சக்கரத்தோடு மல்லுக்கட்டுகிற மனுஷன். சக்கரம் உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்று பத்தடி தள்ளி நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்து ஒரு தெருவைத் தாண்டியதில்லை. கார்களை அவர் அறிந்ததெல்லாம் கீழேயிருந்துதான்.

அதில் பதினாறு வருஷம் ஷார்ஜாவில் போயிற்று. பந்தயக் கார்களுக்குச் சக்கரமும் சஸ்பென்ஷனும் சரிபண்ணுகிற பட்டறை. வியாழக்கிழமை வரை இடுப்பொடிய வேலை. வெள்ளிக்கிழமை காலையில் கார்கள் பந்தயத்துக்குப் போய்விடும். முதலாளியும் ஃபோர்மேனும் கூடவே போவார்கள். தாஜ் முகம்மதுவும் இன்னும் நாலு பேரும் பட்டறையைக் கழுவிவிட மிஞ்சுவார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் மணலைத் தாண்டி என்ஜின் சத்தம் வரும். துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நிற்பார். இப்போது வளைவுக்கு வருகிறான், காலை எடுக்கிறான், திரும்பிவிட்டான், மறுபடி மிதிக்கிறான் என்று சத்தத்தை வைத்தே மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பார். தான் திருகிவைத்த சுருள் வில் அந்த வளைவில் எப்படி அமுங்கி எழும்புகிறது என்பதை ஒரு தடவைகூடக் கண்ணால் கண்டதில்லை.

மேலப்பாளையத்துக்குத் திரும்பி வந்து, பைபாஸ் ரோட்டில் திருஞானசம்பந்தம் அண்ணாச்சியின் அலைன்மெண்ட் கடையில் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. அதைக் கண்ணால் பார்க்கிற ஆசை எப்போதோ செத்துப்போயிற்று என்றுதான் நினைத்திருந்தார், ஜெர்வின் வந்து நிற்கிற வரைக்கும்.

ஜெர்வின் மணப்பாட்டுப் பையன். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். பழைய எஸ்டீம் கார் ஒன்றை வாங்கி, பின் சீட்டு, ஏசி, கதவு அட்டை எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு அடித்து, வருஷத்துக்கு இரண்டு தடவை கோயம்புத்தூர்ப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோவான். பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆசைக்கு ஓட்டுகிறவர்கள் கூடுகிற பந்தயம் அது.

"பாய், வலப்பக்கம் திருப்புனா பூனைக்குட்டி மாதிரி வருது. இடப்பக்கம் திருப்புனா மாமியா மாதிரி மொறைக்கி. அலைன்மெண்ட் மூணு கடையில பாத்தாச்சு."

தாஜ் முகம்மது காரை ஒரு சுற்று வந்தார். "நாலு சக்கரத்துலயும் தனித்தனியா எடை போட்டுப் பாத்தியா?"

"காரையா? எடையா?"

"நாலுகால் ஸ்டூல்ல ஒரு காலு கட்டையா இருந்தா குறுக்க ஆடும்லா? அதேதான். முன்னால இடது, பின்னால வலது, இந்த ரெண்டும் சேந்து ஒரு எடை. மத்த ரெண்டும் சேந்து ஒரு எடை. ரெண்டும் ஒண்ணாப் போல நிக்கணும். வில்லுக்கு அடியில இருக்க வளையத்தத் திருகித் திருகித்தான் அதக் கொண்டுவரணும்."

ஜெர்வின் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். பிறகு சொன்னான்: "சரியாக்கித் தாரும். பதினஞ்சு நாள் கழிச்சு சனிக்கிழமை பந்தயம், நீரும் எங்கூட கோயம்புத்தூர் வாரீரு. வண்டியில ஒரு சீட்டு சும்மாதான் கெடக்கு."

அந்த ஒரு சொல்தான். இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை மனுஷனுக்கு.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கடைக்கு வந்துவிட்டார். காரை எடை போடுகிற தராசெல்லாம் ஷார்ஜாவோடு போயிற்று. இங்கே நாலு கடையில் கெஞ்சி நாலு தராசு வாங்கி வைத்திருந்தார். நெல் வியாபாரியிடம் ஒன்று, பழைய இரும்புக் கடையில் ஒன்று, வெங்காயக் கடையில் ஒன்று, கருப்பட்டி மண்டியில் ஒன்று. அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, "ஏன்வே, காரைக் கூறு போட்டு விக்கப் போறீரா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

பாத்திரத்தில் சோறு கொண்டுவந்த மனைவி ஹமீது பீவியைத் தாஜ் முகம்மது அங்கேயே பிடித்துவைத்துக்கொண்டார். எண்ணைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். முதலில் ஒரே இருபது கிலோ அரிசிப் பையை நாலு தராசிலும் மாறி மாறி வைத்தார்.

"நெல்லுக்காரர் தராசு பத்தொம்பதரை காட்டுது," என்றாள் அவள். "இரும்புக் கடைத் தராசு பத்தொம்பது. வெங்காயக் கடையில இருவதரை!"

"வாங்குதவன் தராசு கொறையத்தான் காட்டும். விக்கிறவன் தராசு கூடக் காட்டும். நூத்துக்கு எம்புட்டுன்னு கணக்குப் போட்டுக்கிட்டாப் போச்சு." சுண்ணக்கட்டியால் ஒவ்வொரு தராசின்மேலும் வித்தியாசத்தை எழுதினார்.

"இனிமே அந்தக் கடையில நான் வெங்காயம் வாங்கல."

நாலு சக்கரத்துக்கும் அடியில் தராசைத் தள்ளிக் காரை இறக்கினார். அடுத்த காரியம், ஓட்டுகிறவன் எடை. அதை ஏற்றாமல் பார்க்கிற கணக்கு செல்லாது. ஜெர்வின் எண்பத்திரண்டு கிலோ. அவனுக்கு இரவு ஷிப்டு. "சீட்டுல அரிசி மூட்டைய அடுக்கிப் பாத்திரும் பாய்," என்று போனில் சொல்லியிருந்தான். பக்கத்து அரிசிக் கடையிலிருந்து மூட்டைகளும் வந்தன.

அடுக்கிவிட்டு ஒரு நிமிஷம் நின்றார். ஷார்ஜாவில் ஓட்டுகிறவன் இல்லாத நாளில் மணல் மூட்டையை வைப்பார்கள். தாஜ் முகம்மது ஒரு தடவை உட்காரட்டுமா என்று கேட்டதற்கு, ஃபோர்மேன் கையை மட்டும் ஆட்டினான், ஈ விரட்டுகிற மாதிரி. மணல் மூட்டைக்குக் கிடைத்த இடம் அது.

மூட்டைகளை இறக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

"நீங்க அம்பத்தெட்டுதான?" என்றாள் ஹமீது பீவி.

"மிச்சத்துக்கு மடியில அரிசிப் பைய வச்சுக்கிடுதேன்."

வைத்தார். பை ஸ்டியரிங்கை மறித்தது, கை சுற்றவில்லை. பையை எடுத்துக் கீழே வைத்தார். அதை மறுபடி மடியில் வைக்கவேயில்லை. இறங்கிப்போய் வளையத்தைத் திருகுவார், ஏறி உட்காருவார், அவள் எண் சொல்வாள், மறுபடி இறங்குவார்.

"மூட்டைன்னா ஒரே வைப்பு. நீங்க ஏறி ஏறி எறங்குதீக. மூட்டு வலிக்கின்னு ராத்திரி என்கிட்ட வரப்படாது."

"நீ எண்ணைச் சொல்லுளா."

பன்னிரண்டாவது தடவை அவள் சொன்ன நாலு எண்ணையும் கழித்துக் கூட்டிப் பார்த்தார். இந்தக் குறுக்கே நானூற்று முப்பத்தொன்று. அந்தக் குறுக்கேயும் நானூற்று முப்பத்தொன்று. கண்ணை மூடிக்கொண்டார். கை தானாக இடப்பக்கம் கொஞ்சம் திரும்பிற்று.

"இந்தாங்க. எங்க போயிட்டீக?"

"வளைவுக்கு."

அவள் சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு, அவர் இறங்குகிற வரைக்கும் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை விடிந்து ஆறு மணிக்கு ஜெர்வின் வந்தான். காரைப் பின்னால் இழுத்துப் போகிற பிக்கப் வண்டி. இரவு ஷிப்டு முடித்து வந்ததில் அவன் கண் இரண்டும் கோவைப்பழம். ஹமீது பீவி நெய்ச்சோறும் கோழி வறுவலும் அவித்த முட்டையும் தூக்குவாளியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தாஜ் முகம்மது பெருநாள் சட்டையைப் போட்டிருந்தார்.

"ஏறும் பாய், போவோம். நாலு மணிக்கு காரை செக் பண்ணிட்டு கேட்டை மூடிருவான். அஞ்சு மணிக்கு என் ஓட்டம். வழியில திருமங்கலத்துல ரெண்டு மணி நேரம் கட்டையச் சாச்சாத்தான் நான் மனுசன்."

கார் இன்னும் தராசின்மேல்தான் நின்றது. பிக்கப்பின் கதவைப் பிடித்த தாஜ் முகம்மது கையை எடுத்தார்.

"தம்பி, ஒரு நிமிசம் அதுக்குள்ள ஏறி உக்காரு."

உட்கார்ந்தான். ஹமீது பீவி எண்களைச் சொன்னாள். ஒரு குறுக்கே நானூற்று நாற்பத்தாறு, மறு குறுக்கே நானூற்று நாற்பது.

"ஆறு கிலோ நிக்கி," என்றார். "நான் மூட்டைய வைக்கல. நானே உக்காந்துட்டேன்."

ஜெர்வின் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பெருநாள் சட்டையையும் பார்த்தான். சிரித்துவிட்டான்.

"ஆறு கிலோதான? ஒரு சீலா மீனு. விட்டுத் தள்ளும்வே. போன தடவை எம்புட்டு நின்னுதுன்னு யாருக்குத் தெரியும்? ஏறும்."

அவனே விட்டுவிட்டான். ஏறி உட்கார்ந்தால் சாயங்காலம் வேலிக்குப் பக்கத்தில் நிற்கலாம். பதினாறு வருஷம் சத்தமாக மட்டும் வந்தது கண்ணுக்கு நேரே வரும். ஆனால் வருவது எது? தன் உடம்புக்குத் தைத்த சட்டையை இன்னொருத்தன் மாட்டிக்கொண்டு ஓடுவான். இடது வளைவில் கார் கொஞ்சம் முறைக்கும். வேறு யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும்.

"இதப் பாக்கவா நான் அம்புட்டுத் தூரம் வாரேன்?" என்றார். "ரெண்டு மணி நேரம் குடு. சரி பண்ணிருதேன்."

"ரெண்டு மணி நேரமா! அப்ப நான் தூங்க முடியாது. வண்டியில நான் தூங்கணும்னா நீரு ஓட்டணும்."

"எனக்கு ஓட்டத் தெரியாது தம்பி."

"மாதாவே! சக்கரத்தையே கட்டிக்கிட்டு அழுதீரு, ஓட்டத் தெரியாதா?" ஜெர்வின் தலையில் கை வைத்தான். "அப்ப மச்சான் அம்புரோஸைத்தான் கூப்பிடணும். பாளையங்கோட்டையிலதான் இருக்கான். ஆனா பாய்..." நிறுத்தினான். "சீட்டு ஒண்ணுதான்."

"கூப்பிடு," என்றார் தாஜ் முகம்மது.

ஹமீது பீவி மெல்ல அவர் பக்கத்தில் வந்தாள். "பஸ்ஸுல போங்களேன்."

"மதுரையில மாறிப் போய்ச் சேரப் பொழுது அடைஞ்சிரும். அஞ்சேகாலுக்கெல்லாம் அவன் ஓடி முடிச்சிருவான்." சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுக் காருக்கு அடியில் படுத்தார்.

ஜெர்வின் சீட்டிலேயே கண்ணயர்ந்தான். எண்பத்திரண்டு கிலோவும் மூட்டை மாதிரி அசையாமல் இருந்தது ஒரு வகைக்கு வசதிதான். முன் வலது வளையத்தைக் கால் சுற்று இறக்கினார். பின் இடதைக் கால் சுற்று. காரைக் குலுக்குவார், ஜெர்வின் ஒவ்வொரு தடவையும் விழித்துத் திரும்பச் சாய்வான், மறுபடி எண். பிறகு காரின் இரண்டு பக்கமும் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி, சக்கரம் நேராக நிற்கிறதா என்று அளந்தார். நாலு எண்ணும் ஒரு வழிக்கு வந்து, இந்தக் குறுக்கேயும் அந்தக் குறுக்கேயும் நானூற்று நாற்பத்து மூன்று என்று நின்றபோது மணி எட்டேகால். அம்புரோஸ் அதற்குள் வந்து, தூக்குவாளியை மோந்து பார்த்துவிட்டு, "யாருக்கு இது?" என்றான். ஹமீது பீவி தாஜ் முகம்மதுவைப் பார்த்தாள்.

"கொண்டு போங்க," என்றார். "வழியில கடையில நிக்காதீக, நேரமாயிரும்."

வண்டி போன பிறகு கடையைக் கூட்டினார். துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கொஞ்சம் நின்றார். பைபாஸில் லாரிச் சத்தம்தான் இருந்தது. ஐந்து மணிக்கு யாரோ ஒருத்தருடைய ஜீப்புக்கு அடியில் கிடந்தார். அண்ணாச்சியிடம் மணி கேட்டார். அஞ்சாகி அஞ்சு நிமிசம் என்றார் அவர். கையிலிருந்த ஸ்பேனரை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் அப்படியே கிடந்தார்.

திங்கட்கிழமை ஜெர்வின் காரை இழுத்துக்கொண்டு வந்தான். கழுவாத தூக்குவாளியையும் கொடுத்தான்.

"எப்படிப் போச்சு?"

"நல்லாப் போச்சு பாய்."

"நல்லான்னா?"

"நல்லான்னா... நல்லாத்தான். போன தடவைய விட ரெண்டு செகண்டு கொறவு."

"இடது வளைவுல?"

ஜெர்வின் யோசித்தான். "அங்கனயா? ஞாபகமே இல்ல பாய். அது பாட்டுக்குப் போயிருச்சு."

தாஜ் முகம்மது தலையை ஆட்டினார். அந்த வேலை செய்தவனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் அவன் வாயைப் பார்த்தபடி இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.

"அடுத்த தடவைக்குள்ள ஓட்டப் படிச்சிரும்வே," என்று சொல்லிவிட்டு ஜெர்வின் டீ குடிக்கப் போனான்.

ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினார். இடது வளைவில் பாரம் தாங்குகிற முன் வலது சக்கரத்தின் முன்னால் குத்தவைத்து, டயரின்மேல் உள்ளங்கையை வைத்தார். உள் ஓரம், நடு, வெளி ஓரம், மூன்றும் ஒரே சொரசொரப்பு. ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய என்று இல்லை. தடத்தின் பொடிக்கல் ஒன்று இடுக்கில் சிக்கியிருந்தது. அதை எடுக்கவில்லை. கையை வைத்தபடியே சக்கரத்தை இலேசாகத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சக்கரம் கைக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. அது சுற்றி நிற்கிற வரைக்கும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. நின்றதும் மறுபடி தள்ளினார்.