அண்ணைக்கு வந்த எக்ஸிமா

அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே, அண்ணன் றொஷானின் கையிலிருந்த இரங்கலுரைத் தாளைப் பிறேமினி பறித்து வாசித்தாள்.

“இதிலையும் அதே பொய்யோ, அண்ணை?”

“மெல்லக் கதை. கொம்பனி ஆக்கள் எல்லாம் வந்திருக்கினம்.”

கொம்பனி என்றால் அப்பா யோகராஜாவின் தோல் மருந்துக் கொம்பனி. கிங்ஸ்பரி வீட்டுக் குசினியில் தேன்மெழுகு உருக்கித் தொடங்கியது. ஒவ்வொரு டியூப்போடும் வரும் தாளில் அதன் வரலாறு இருக்கும்: மகன் றொஷானின் எக்ஸிமாவுக்காக ஒரு தகப்பன் காய்ச்சிய களிம்பு.

றொஷானுக்கு மருந்துக்குக்கூட ஒரு சொறி வந்ததில்லை. படுக்கை விரிப்பில் இரத்தம் படச் சொறிந்து அழுதவள் நாலு வயதுப் பிறேமினி. ஷிப்ட் முடிந்து வந்த கையோடு அவளுடைய முழங்கை மடிப்பில் ஊதி ஊதித்தான் அப்பா பூசுவார்.

“பெட்டைப்பிள்ளை. வெளியிலை தெரிஞ்சால் நாளைக்கு ஆர் கட்டுவினம்?” என்று அவர்தான் அந்தத் தோல் வருத்தத்தைத் தூக்கி மகன் தலையில் கட்டினார். அவனும் கூட்டங்களில் எல்லாம் தன் இல்லாத சொறியைப் பற்றி உருக்கமாகப் பேசிப் பழகிவிட்டான். பிறேமினிக்கு வந்த சம்பந்தங்கள் வேறு வேறு காரணங்களால் தட்டிப்போயின. இப்போது நாற்பத்திரண்டு வயது. கலியாணப் பேச்சு ஓய்ந்த பிறகும் அப்பா அந்தத் தாளை மாற்றவில்லை.

“என்ரை பேரை ஒருக்கால் சொல்லு, அண்ணை. எனக்காகத்தான் காய்ச்சினவர் எண்டு நாலு பேர் கேக்கட்டும். அது காணும்.”

றொஷான் தாளை வாங்கிக்கொண்டு மைக்கடிக்குப் போனான். குசினி, தேன்மெழுகு, முதல் போத்தல் என்று எழுதியிருந்தபடியே வாசித்தான். ‘மகன்’ என்ற இடத்தில் நின்று கண்ணாடியைக் கழற்றினான்.

“எனக்கு ஒருநாளும் எக்ஸிமா இருந்ததில்லை. என்ரை தங்கச்சி பிறேமினிக்குத்தான் இருந்தது. அவள் நித்திரை கொள்ளவேணும் எண்டுதான் அப்பா அதைக் காய்ச்சினவர்.”

அப்பா செத்த நாளிலிருந்து வராத அழுகை பிறேமினிக்கு அப்போதுதான் வந்தது.

தேவாரம் முடிந்தது. தகனத்துக்குப் போகும் பெட்டியை மறைத்துத் திரை மெல்ல மூடத் தொடங்கியபோது, செவன் கிங்ஸிலிருந்து வந்திருந்த மாமி பக்கத்திலிருந்தவளிடம் குசுகுசுத்தது முன்வரிசை வரை கேட்டது.

“அதுதானே பாத்தன்! இதாலைதான் அந்தப் பெட்டைக்கு ஒண்டும் சரிவரேல்லைப் போல.”

அப்பா பயந்து கிடந்த அதே கதை, முப்பத்தெட்டு வருடம் பிந்தி வந்து சேர்ந்திருக்கிறது. அழுகைக்கு நடுவே பிறேமினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை உடனே அப்பாவிடம் சொல்லவேண்டும் என்று திரும்பினாள்.

திரை மூடியிருந்தது.