மூன்றாம் படி வரை வந்த தண்ணீர்

அடுப்படித் தரையில் கிடந்த சேற்றை அக்லாயா நாலாவது நாளாக வாரிக்கொண்டிருந்தாள். மேலே காய்ந்த மாதிரி தெரியும். மண்வெட்டியை இறக்கினால் அடியில் கொழகொழவென்று வரும். ஒவ்வொரு வாரலிலும் ஏதாவது ஒரு சாமான் அகப்பட்டது. ஒரு கரண்டி, புருஷனின் ஒற்றைச் செருப்பு, மாத்திரை அட்டை, குளிர்காலத்துக்கென்று போட்டு வைத்த வெள்ளரி ஊறுகாய் ஜாடியின் மூடி. அவர்கள் படுக்கும் மெத்தை வெளியே திராட்சைப் பந்தலின் கம்பியில் கிடந்தது. அதிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது.

கை வாரிக்கொண்டிருந்தாலும் காது வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. அங்கே அவளுடைய ஓரகத்தி சவேத்தாவின் வீட்டுக்குக் காப்பீட்டு ஆள் வந்திருந்தார். கலாட்ஸ் நகரத்திலிருந்து வந்தவர். சுவரை ஏதோ ஒரு கம்பியால் தட்டித் தட்டிப் பார்ப்பது கேட்டது. தட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஈர மண் பொதக்கென்று விழும் சத்தம். அந்தச் சத்தம் விழ விழ அக்லாயாவுக்கு வயிறு எரிந்தது.

"அரை மணி நேரமா தட்டுறாரு," என்றாள்.

அவள் புருஷன் நெகுலாய் கவிழ்த்துப் போட்ட பீப்பாயின் மேல் உட்கார்ந்திருந்தான். முப்பது வருஷம் கப்பல் பட்டறையில் இரும்பு பற்றவைத்த நெஞ்சு. ரெண்டு வாளி தூக்கினால் இருமல் பிடித்துக்கொள்ளும். "அங்க முடிச்சிட்டு இங்கதான வரணும்," என்றான். "நமக்கும் பாலிசி இருக்குல்ல."

பாலிசி இருந்தது. அதுவும் சவேத்தாவுடையதை விடப் பெரிய பாலிசி. இரண்டு பேரின் வீடும் மாமனார் விட்டுப்போன ஒரே மனையை நடுவில் வேலி போட்டுப் பிரித்ததுதான். தம்பி பங்கில் நின்றது அந்தக் காலத்து மண்கட்டி வீடு, தாழ்ந்த வாசல். அண்ணன் பங்கில் அக்லாயா கட்டிய புதுவீடு. ஐந்து அறை, சிவப்பு ஓடு, தெருப்பக்கம் ஆறு படி. இத்தாலியில் பிரேஷா ஊரில் ஒன்பது வருஷம், மூன்று கிழவிகளையும் ஒரு கிழவரையும் தூக்கி, குளிப்பாட்டி, துடைத்து, கடைசியில் கண்ணை மூடி விட்டுச் சம்பாதித்த வீடு.

அந்த வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை. கூடத்தில் வெள்ளை சோபா, கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றாமல். கண்ணாடி அலமாரியில் பன்னிரண்டு காபிக் கோப்பை, ஒன்றிலும் வாய் பட்டதில்லை. குளியலறைக்கு இத்தாலி ஓடு பதித்தாயிற்று, தண்ணீர்க் குழாய் இழுப்பதற்குள் கையிருப்பு தீர்ந்துவிட்டது. சூடேற்றும் கொதிகலனும் அதோடு நின்றது. மகள் ஆகஸ்டில் இத்தாலியிலிருந்து பேரனோடு வந்தால் பத்து நாள் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் சமைத்தது, சாப்பிட்டது, படுத்தது, இருமியது எல்லாம் பந்தலுக்குப் பின்னால் இருந்த இந்த ஓட்டை அடுப்படியில்தான். இந்த ஊரில் ஓரளவு வசதியானவர்கள் எல்லாரும் அப்படித்தான்.

சனிக்கிழமை விடிகாலையில் ஓடை உடைத்துக்கொண்டு வந்தது. அடுப்படி மேஜை முங்கியது, ஓடு பதித்த அடுப்பு பிளந்தது, ஃபிரிட்ஜ் மிதந்தது. சவேத்தா வீட்டில் முழங்கால் ஆழம். புதுவீட்டில் தண்ணீர் மூன்றாம் படி வரை ஏறியது. அங்கேயே நின்றுவிட்டது. அன்றைக்கு அக்லாயா சிலுவை போட்டுக்கொண்டு, "என் வீட்ட மட்டும் தொடல," என்று ஊரெல்லாம் சொன்னாள்.

வேலியோரம் சவேத்தாவின் தலை தெரிந்தது. மூக்கு நுனியில்கூடச் சேறு. ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம், கல்யாணத்தன்றுகூட அவளிடம் பார்க்காதது.

"அக்கா, சுவரு நாலும் ஊறிப்போச்சாம். ஒட்டுப்போட முடியாதாம். மொத்தத்தையும் இடிச்சிட்டுப் புதுசா கட்டணும்னு எழுதுறாரு. முழுத் தொகையும் வரும்போலருக்கு."

"அவ்வளவுமா?"

"மண்வீட்டுக்குக் கம்மிதான், அதுல முழுசும். எங்க வீட்டுக்காரரு தொவாதெருக்குச் சந்தோஷத்துல கை காலு ஓடல. சுடாத செங்கல் வேணாம், சுட்ட செங்கல்லயே கட்டலாம்ங்கிறாரு. நீ சொல்லித்தானக்கா பாலிசியே போட்டேன். ஒன்ன மறக்க மாட்டேன்."

"வேற எதாவது சொன்னாரா?"

"சாப்பிடச் சொன்னேன். கொஞ்சம் களியும் பாலாடைக்கட்டியும் இருக்கு. ஒரு வாய் போட்டுட்டு ஒங்க வீட்டுக்கு வர்றாராம்." போகும்போது திரும்பிச் சொன்னாள், "ஒனக்கென்னக்கா, ஒன் வீட்டுக்கு ஒண்ணும் ஆகல. குடுத்து வச்சவ."

அக்லாயா மண்வெட்டியைச் சேற்றிலேயே குத்தி நிறுத்தினாள். போன வருஷம் பாலிசி போட சவேத்தாவைத் தபால் ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனதே அவள்தான். "போடுடி, ஒன் மண்சுவரு விழுந்தா என் பந்தல் மேலதான் விழும்," என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். சவேத்தாவின் படிவத்தைக்கூட அவளே பூர்த்தி செய்தாள், 'சுடாத செங்கல்' என்ற கட்டத்தில் கொஞ்சம் அழுத்தியே கோடு போட்டாள். கவுண்ட்டர் பெண் அக்லாயாவிடம், பின்னால் இருக்கிற கட்டடத்தையும் சேர்க்கணுமா, அதுக்குத் தனிப் பாலிசி ஆகும் என்று கேட்டாள். "அதுல என்ன இருக்கு, நாலு சட்டியும் நாங்க ரெண்டு பேரும்," என்றாள் அக்லாயா. வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

இப்போது அது ஞாபகம் வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் புதுவீட்டுக்கு ஓடினாள். வாசலில் பூட்சைக் கழற்றினாள், ஜன்னல் வழியாக நெகுலாயைக் கூப்பிட்டாள். பாலிசித் தாள் காபிக் கோப்பைகளுக்கு நடுவில் மடித்து வைத்தபடி இருந்தது. ஒரு வருஷத்தில் அவள் அதன் முதல் பக்கத்தை மட்டும்தான் பார்த்திருந்தாள், தன் பெயரும் ஐந்து அறையும் அச்சிட்டிருந்த பக்கம். மூன்றாம் பக்கத்தில் எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. மூக்குக்கண்ணாடி சேற்றில் போய்விட்டதால் தாளை நீட்டிப் பிடித்துப் படித்தாள்.

"'கீழ்க்கண்டவை இதில் சேராது. வீட்டோடு சுவரால் இணையாத துணைக் கட்டடங்கள், கொட்டகைகள், வேலிகள். வீட்டுச் சாமான்கள்.'" நிறுத்தினாள். "சாமானும் கிடையாதாம்."

நெகுலாய் வாசற்படியில் நின்றான். உள்ளே வரவில்லை, காலில் பூட்ஸ் இருந்தது. "அடுப்படி கொட்டகையா?"

"சுவரால இணையல. நடுவுல பந்தல் இருக்கே." பந்தல் போடச் சொன்னது அவள். வறுக்கிற வாடை வெள்ளை சோபாவுக்கு வரக் கூடாதென்று பத்தடி தள்ளிக் கட்டச் சொன்னதும் அவள். சவேத்தா படுக்கிற அறையிலேயே அடுப்பை வைத்து மீன் வறுப்பாள். அவள் திரைச்சீலை, தலைமுடி, பைபிள் எல்லாம் மீன் வாடை அடிக்கும் என்று அக்லாயா இத்தாலிக்குப் போன் போட்டு மகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அந்த அடுப்பு இப்போது வீட்டோடு சேர்த்தியாகிவிட்டது. அதற்கும் பணம் வரும்.

"அப்ப நமக்கு ஒண்ணும் இல்லயா," என்றான் நெகுலாய்.

அவள் தாளை மடித்தாள். அவன் இருமலைக் கேட்டுக்கொண்டு நின்றாள். நவம்பரில் உறைபனி வந்துவிடும். அடுப்பு இல்லை. இந்த ஐந்து அறையில் ஒரு மெழுகுவர்த்தியைத் தவிரச் சூடு தருவது எதுவும் கிடையாது. போன குளிரில் அடுப்புக்குப் பக்கத்தில் படுத்தே அவனுக்கு ரெண்டு தடவை ஆஸ்பத்திரி ஆயிற்று. வேலிக்கு அந்தப் பக்கம் சவேத்தா எதற்கோ சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான். அக்லாயா முற்றத்துக்குப் போய் இரண்டு வாளியிலும் சேறு அள்ளினாள். ஆறு படியும் ஏறி, கூடத்து மரத்தரையில் கொட்டினாள்.

"ஒனக்கென்ன பைத்தியமா?"

"அவளுக்கு முழங்கால் வரைக்கும் வந்துச்சு. எனக்குக் கணுக்கால் வரைக்கும் வந்ததுன்னு இருக்கட்டும். வாளிய எடுங்க."

"அக்லாயா."

"நீங்க இந்தக் குளிருக்கு எங்க படுப்பீங்க? சவேத்தா வீட்டு மீன் சட்டிக்குப் பக்கத்துலயா?"

நெகுலாய் தரையைப் பார்த்தான். பிறகு வாளியை எடுத்தான். அவன் மூன்று வாளி, அவள் ஒன்பது. கையால் சேற்றை எடுத்துச் சுவரோரம் ஒரு கோடு இழுத்துவிட்டாள், கணுக்கால் உயரத்துக்கு. சோபாவின் காலில் பூசினாள். இத்தாலிக் கம்பளத்துக்கு வந்தபோது மட்டும் கை நின்றது. அதைச் சுருட்டிக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு அது கிடந்த இடத்திலும் கொட்டினாள்.

காப்பீட்டு ஆள் வியோரெல் வந்தபோது இருவரும் வாசலில் நின்றார்கள். ஐம்பது வயதிருக்கும். தொடை வரை சேறு, கண்ணெல்லாம் தூக்கமில்லாத சிவப்பு. மீசையில் களித் துணுக்கு ஒட்டியிருந்தது. கூடத்தை எட்டிப் பார்த்தார். மறுபடி கீழே இறங்கி, படிகளுக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தார். மூன்றாம் படியில் தண்ணீர் விட்டுப்போன கறை ஒரே நேர்கோடாக இருந்தது. நாலாவது, ஐந்தாவது, ஆறாவது படியில் வாளி சிந்திய சொட்டு மட்டும். அவர் டேப்பை வைத்து அளந்தார். எதற்கு அளந்தாரோ, பார்த்தாலே தெரிந்தது.

"தண்ணி இங்க நின்னிருக்கு," என்றார். "உள்ள எப்படி வந்துச்சு?"

"ஜன்னல் வழியா," என்றான் நெகுலாய்.

வியோரெல் ஜன்னலைப் பார்த்தார். அது அவர் தலைக்கு மேலே இருந்தது.

"இன்னிக்கு இது பத்தொன்பதாவது வீடு," என்றார். "ஐயா, நான் கூடத்தப் பாக்கல. படமும் எடுக்கல. எடுத்தா வேற தாள் எழுதணும், அது ஒங்களுக்கு நல்லதில்ல. சீக்கிரம் தொடச்சிடுங்க, பலகை உப்பிடும்."

அக்லாயாவுக்கு முகம் சூடேறியது. ஆனாலும் விடவில்லை. "சார், அங்க வந்து பாருங்க. அங்கதான் எங்க அடுப்பு, எங்க கட்டில், இவரோட மருந்து எல்லாம். மேஜைக்கு மேல தண்ணி. அது பொய்யில்ல."

அவர் வந்து பார்த்தார். பந்தலைக் காலால் அளந்தார். "சுவரு ஒட்டியிருந்தா எழுதியிருப்பேன்."

"நாங்க குடியிருக்கிறதே இங்கதான் சார். பன்னெண்டு வருஷமா."

"நீங்க எங்க தூங்குறீங்கன்னு தாள்ல கட்டம் இல்லம்மா. வீடு எதுன்னுதான் கேக்குது. வீடுன்னு நீங்க அதத்தான காட்டிருக்கீங்க."

"அப்போ அவளுக்கு? வருஷத்துக்கு அவ கட்டினதைவிட நான் எவ்வளவு கூடக் கட்டினேன் தெரியுமா?"

"அவங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு," என்றார். சொல்லிவிட்டுத் தன் சேற்றுக் காலைப் பார்த்துக்கொண்டார்.

தாளைப் பீப்பாயின் மேல் வைத்து எழுதினார். அக்லாயா கையெழுத்துப் போட்டாள். அவள் பெயர், ஐந்து அறை, சிவப்பு ஓடு. அதற்குக் கீழே 'வீடு: பாதிப்பு இல்லை' என்று இருந்தது. அவர் கேட்டைச் சாத்திக்கொண்டு இருபதாவது வீட்டுக்குப் போனார்.

அவள் பழந்துணியும் வாளியுமாகக் கூடத்தில் மண்டியிட்டாள். நெகுலாய் வெளியே மெத்தையைத் திருப்பிப் போட்டு இருமிக்கொண்டிருந்தான். சேறு பலகை இடுக்கெல்லாம் இறங்கியிருந்தது. துடைக்கத் துடைக்கப் பரவியது. கிழவர்களைத் துடைத்த அதே மாதிரி, ஓரத்திலிருந்து நடுவுக்குத் துடைத்தாள். ஜன்னல் பக்கம் ரெண்டு பலகை ஏற்கெனவே விளிம்பில் எழும்பியிருந்தது.

"அக்கா."

சவேத்தா மேல்படியில் நின்றாள். கையில் துணி சுற்றிய சட்டி, அதில் புளிப்பான காய்ச்சாறு ஆவி விட்டது. உள்ளே பார்த்தாள். சேறு, சோபா, மண்டியிட்டிருந்த ஓரகத்தி. அவளுக்குப் புரிந்ததா என்று முகத்தில் தெரியவில்லை.

"மாமாவுக்குச் சூடா எதாவது உள்ள போகட்டும்னு கொண்டாந்தேன்," என்றாள். பிறகு கூடத்தைச் சுற்றி மெதுவாகப் பார்த்தாள், விளக்கை, அலமாரியை, கோப்பைகளை. "கதவு இடுக்குல பாத்திருக்கேன். இவ்வளவு பெருசுன்னு தெரியாது. தெனம் இதப் பாத்துப் பாத்து எனக்கு வயித்தெரிச்சல்க்கா. ஒங்கிட்ட சொல்றதுக்கென்ன."

அக்லாயா துணியைப் பிழிந்தாள். "வா," என்றாள்.

சவேத்தா சட்டியைக் கீழே வைத்தாள். குனிந்து தன் சேற்று பூட்சை ஒவ்வொன்றாகக் கழற்றினாள், படியின் ஓரமாக ஜோடியாக வைத்தாள். பாவாடையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, எதையும் அழுக்காக்கிவிடக் கூடாதென்ற கவனத்தோடு அந்தச் சேற்றுக்குள் கால் வைத்தாள்.