நூற்று ஐந்தாவது குறிப்பு

என் கணவர் கவியரசனின் காரியம் முடித்து ஊரிலிருந்து ஈஜிபுரா வீட்டுக்குத் திரும்பிய சனிக்கிழமை காலையில், அவருடைய கைபேசியில் ஒரு செய்தி வந்தது. "அண்ணா, ரெண்டு வாரமா குறிப்பு வரல. பூட்டு தாங்கல. சீக்கிரம் போடுங்க." அனுப்பியவர் பெயர் ராம்கி. எனக்கு அவரைத் தெரியாது.

'மழைத்தபால்' என்று ஒரு கார்ட்டூன் தொடர் முன்பு தொலைக்காட்சியில் தமிழில் வந்தது. எப்போதும் மழை பெய்யும் நாட்டில் பொங்கையா என்ற நீர்நாய் தபால் கொண்டுபோகும். நூற்று நான்கு பகுதிகள். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்காக என் கணவர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார். அறுநூறு பேர். வாரம் ஒரு பகுதியை எல்லோரும் மறுபடி பார்ப்பார்கள். சனிக்கிழமை காலை அவர் ஒரு குறிப்பு எழுதிப் போடுவார். அது வரும்வரை அந்தப் பகுதியைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. அதற்குப் பெயர்தான் பூட்டு. அவர் பீன்யா தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். தாமதமாகப் பார்க்கிறவனின் ருசியை முதலில் பார்த்தவன் கெடுத்துவிடக் கூடாது என்பார்.

அவருக்குப் பேச்சு திக்கும். எழுத்தில் திக்காது. பொங்கையாவுக்குக் குரல் கொடுத்தவரின் நிதானமான கரகரப்பை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். குழுவில் யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை. குரலைக் கேட்டதும் இல்லை.

நூற்று நான்கு குறிப்புகளையும் அவர் முன்பே ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார். குழுவில் போட்டது பதினொன்று. பன்னிரண்டாவதைக் கூட்டத்துக்குப் பயந்தவள்போல வேகவேகமாகத் தட்டி, நான் அனுப்பினேன். அவர் எழுதியதுதானே, அவரே அனுப்பியதுபோலத்தானே என்று நினைத்தேன். ஒரே நிமிடத்தில் நாற்பது பேர் கைதட்டினார்கள். அவர் இறந்துவிட்டார் என்று அதற்குக் கீழே எப்படி எழுதுவது?

அடுத்த சனிக்கிழமையும் எழுதவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. நடுவில் சிலர் தனியாகக் கேட்பார்கள். வேலையை விடலாமா அண்ணா, பெண்ணுக்கு என்ன பெயர் வைக்கலாம் அண்ணா. அவர் என்ன சொல்வாரோ அதைச் சொன்னேன். ஏறக்குறைய இரண்டு வருடம். நோட்டில் பக்கங்கள் குறையக் குறைய, கடைசிப் பக்கத்தோடு தப்பிவிடலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்று நான்காவது குறிப்பை அனுப்பிய மறுநாள் அறிவிப்பு வந்தது. 'மழைத்தபால்' முழுநீளப் படமாகத் திரையரங்குக்கு வருகிறது.

அது அவர் பார்க்காத படம். நோட்டில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

ராம்கி ராஜாஜிநகர் பக்கம் ஒரு மாலில் முதல்நாள் காலைக் காட்சிக்கு அறுபது இருக்கைகள் பிடித்தார். "இந்த தடவ தப்பிக்க முடியாதுண்ணா, வந்தே ஆகணும்" என்று விடாமல் எழுதினார். எத்தனை முறைதான் மறுப்பது? "எனக்கு ஷிப்ட். பிரபா வருவாள்" என்று பதில் போட்டேன். என் பெயரை அவர் எழுதுவதுபோல எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது கண்ணாடி ஓரத்தில் பழைய பொட்டு அட்டை இருந்தது. ஒன்றை உரித்து நெற்றியில் ஒட்டிக்கொண்டேன். பசை காய்ந்திருந்தது. விரலால் அழுத்திப் பிடித்தபடியே மாடிப்படி இறங்கினேன்.

திரையரங்க வாசலில் ராம்கி என்னைக் கண்டுபிடித்துவிட்டார். முப்பது வயதுக்குள்தான் இருப்பார். பொங்கையா படம் போட்ட மஞ்சள் பனியன்.

"அண்ணி தானே? அண்ணா நிஜமாவே வரலியா?"

"ஷிப்ட்டுப்பா."

"சனிக்கிழமகூடவா? எந்த கம்பெனின்னு சொல்லுங்க, மேனேஜர்கிட்ட நான் பேசறேன். எங்க பாஸையே நான் தான் மேய்க்கறேன்."

"கிழிச்ச. உன்ன ரெண்டு தடவ வேலைய விட்டே வெளிய தள்ளுனாங்க" என்றாள் பக்கத்தில் நின்ற பெண். மமதா. கன்னடக்காரி, ஓசூர் மாமியார் வீட்டில் தமிழ் பழகியவளாம். என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். "ஏன்க்கா தல சும்மா இருக்கு? ஹப்பா, பண்டிகை மாதிரி நாளு இது. திரும்புங்க."

கைப்பையில் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த மல்லிகையில் ஒரு முழம் கிள்ளினாள். வேண்டாம் என்றேன். "சும்மனே வெட்கப்படாதீங்க, அண்ணாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்று சொல்லியபடி என் பின்னலில் சொருகிவிட்டாள். சுற்றிலும் ஆட்கள். அவள் விரல் என் பிடரியில் குளிர்ந்தது. அதுவரை பொய்யைக் கையால்தான் சொல்லியிருந்தேன். அன்றைக்கு வாய், நெற்றி, தலை எல்லாம் சேர்ந்துகொண்டன.

என்னை வரிசையின் நடுவில் உட்காரவைத்தார்கள். ஒரு பக்கம் மமதா, மறுபக்கம் ராம்கி. எழுந்து போக வேண்டுமென்றால் பத்துப் பேர் காலை மடக்க வேண்டும்.

திரையில் மழை தொடங்கியதும் விசில் பறந்தது. பொங்கையா தொப்பியை உதறிவிட்டு முதல் வசனத்தைப் பேசினார். விசில் அப்படியே நின்றது.

"டேய், இது அவர் இல்லடா" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"வேற ஆள். யாரோ சினிமாக்காரன்."

"ஒரு வார்த்தைலயே தெரியுது பாரு."

"பூட்டு, பூட்டு" என்று ராம்கி திரும்பி அதட்டினார். அவர் முகமும் தொங்கிப் போயிருந்தது. என் பக்கம் குனிந்து, "எங்கள ஏமாத்த முடியாது அண்ணி. தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் அந்த குரல சொல்லிடுவோம்" என்றார்.

இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தேன். அரங்கில் ஏசி குளிர். பூவின் வாசம் மட்டும் சூடாக இருந்தது.

படம் முடிந்து வெளியே வந்த அறுபது பேரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்கள். ஒருவன் தலையில் அடித்துக்கொண்டான். இருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், கோபமா நெகிழ்ச்சியா என்று சொல்ல முடியவில்லை. மமதா என் கையைப் பிடித்து, "அண்ணாவ சீக்கிரம் பாத்துட்டு எழுத சொல்லுங்க அக்கா. வயிறு வெடிச்சிடும் எங்களுக்கு" என்றாள்.

மெஜஸ்டிக்கில் பஸ் மாறினேன். கோரமங்களா தாண்டி, மேம்பாலத் தூண்களுக்கு நடுவில் பஸ் நின்றது. நின்றதுதான். அவருடைய கைபேசியை எடுத்தேன். 'காத்திருக்கிறோம் அண்ணா' என்று பூட்டுப் படங்களோடு செய்திகள் வரிசையில் இருந்தன. குறிப்பு எழுதிப் பார்த்தேன். புதுக் குரலும் பழகிவிடும் என்று ஒரு வரி. அழித்தேன். மன்னிக்கவே முடியாது என்று ஒரு வரி. அதையும் அழித்தேன். இரண்டையும் அவர் சொல்லியிருக்கக்கூடும். இரண்டில் எதையும் அவர் சொல்லவில்லை.

பிறகு இப்படி எழுதினேன்: "இது குறிப்பு அல்ல. கவியரசன் இரண்டு வருடம் முன்பு பீன்யா பஸ் நிறுத்தத்தில் மாரடைப்பு வந்து இறந்துவிட்டார். பன்னிரண்டாம் குறிப்பிலிருந்து அவர் நோட்டைப் பார்த்து நான்தான் அனுப்பினேன். இந்தப் படத்தை அவர் பார்க்கவில்லை. பூட்டைத் திறந்துகொள்ளுங்கள். பிரபா."

நாலு நிமிடம் கழித்து ஒரு பதில் வந்தது. "அண்ணா நம்பர் ஹேக் ஆயிடுச்சு. யாரும் எந்த லிங்க்கும் தொடாதீங்க."

"ஆமா. அவர் எழுதற மாதிரியே இல்ல."

"த்தூ, செத்துட்டாருன்னு போடறான் பாரு. நாசமா போவான்."

ராம்கி அந்த எண்ணுக்கு அழைத்தார். எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. "எடுக்க மாட்டேங்கறான் திருடன்" என்று அவர் எழுதினார். சாபங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தபடி இருந்தன. பஸ் நகரவில்லை. ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் தூணைத் தொடலாம்.

குரல் பதிவு பொத்தானை அழுத்தினேன். அந்தக் குழுவில் அந்த எண்ணிலிருந்து அதுவரை ஒரு குரலும் போனதில்லை. "நான் பிரபா பேசறேன்" என்றேன். நடத்துனர் எல்லோரையும் முன்னால் நகரச் சொல்லி "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று கத்திக்கொண்டிருந்தார். "ராம்கி, காலைல உன் பக்கத்துல உக்காந்திருந்தேனே. ஷிப்ட்டுன்னு சொன்னது பொய்ப்பா. அவர் இல்ல." விரலை எடுத்தேன். போய்விட்டது.

மமதாதான் முதலில் எழுதினாள். "அது அக்கா குரல் தான்." சற்று நேரம் கழித்து, "என் கையால பூ வெச்சேனே அக்கா. அப்பயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"



பிறகு கும்பிடும் கைகள் வந்தன. ரெண்டு வருடம் முட்டாளாக்கினீர்களே என்று ஒருவர் எழுதிவிட்டுக் குழுவைவிட்டு வெளியேறினார். பெண்ணுக்குப் பெயர் கேட்டவர், "அப்ப என் பொண்ணுக்குப் பேரு வெச்சது நீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ராம்கியிடமிருந்து ஒன்றுமில்லை.

கொஞ்ச நேரத்தில் யாரோ எழுதினார்கள். "அண்ணா இருந்திருந்தா அந்த புது குரல கிழிச்சிருப்பாரு."

"இல்ல. இருபத்தாறாம் குறிப்ப எடுத்து படி. ஆள் மாறினாலும் தபால் போய் சேரணும்னு சொல்லியிருக்காரு."

"அது வேற விஷயம். அறுபத்தொண்ணு படி. கரகரப்பு இல்லாத பொங்கையா ஈரமில்லாத மழைன்னு எழுதியிருக்காரு." இதை எழுதியவர் ராம்கி.

நூறு செய்தி, இருநூறு செய்தி. இரண்டு பக்கமும் அவர் வரிகளையே எடுத்து எறிந்துகொண்டார்கள். ஒவ்வொரு வரியும் நான் தட்டி அனுப்பியது. எந்தப் பக்கம் அவர் நின்றிருப்பார் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. என் செய்தி மேலே போய் மறைந்துவிட்டது.

பொட்டு எங்கேயோ விழுந்திருந்தது. பூ இருந்தது. இறங்கியதும் வீட்டுக்கார அம்மா சாந்தகுமாரி வாசலில் நிற்பாள், பார்ப்பாள். எடுத்துவிடலாமா என்று கை பின்னால் போனது. அதற்குள் பஸ் ஒரு வண்டி நீளம் நகர்ந்து, அடுத்த தூணருகில் மறுபடி நின்றது. கம்பியைப் பிடிக்க அந்தக் கை வேண்டியிருந்தது.